கிளிநொச்சியில கொன்சல்டன்ஸி வேலை, ரண்டரை வருசம் இருந்த ஆளின்ர ரிவியூ

உந்தக் கொம்பனி திரும்பவும் ஆள் எடுக்குதாம், நாலைஞ்சு பெடியள் "அண்ணை போகலாமோ" எண்டு மெசேஜ் போட்டவை, ஒவ்வொருத்தருக்கும் வேற வேறயா சொல்லேலாது அதால இதில எழுதிவிடுறன். பேர் சொல்லமாட்டன். ஹெட் ஒபிஸ் கொழும்பில, இஞ்ச ஏ9 கரையில ஒரு வீட்டின்ர முன் அறையில ரண்டு மேசையும் ஒரு பிரின்ரரும், அதுதான் வடக்குக் கிளை.

வேலை என்னெண்டா, என்ஜிஓக்கள் கிணறு கட்டிக் குடுத்தது, ஆடு குடுத்தது, கடன் குடுத்தது எல்லாம் சனத்துக்கு உதவினதோ எண்டு வீடு வீடாப் போய்க் கேட்டு ரிப்போட் எழுதிக் குடுக்கிறது. 384 எண்ட நம்பர் எனக்கு இப்பவும் கனவில வரும். 95 வீத நம்பிக்கை, 5 வீத பிழை எண்டு கணக்குப் பாத்தா பெரிய சனத்தொகைக்கு அவ்வளவு போர்ம் வேணும், அதை நாலு பேர் பத்துப் பன்ரண்டு நாளில முடிக்கவேணும். போர்ம் நிரப்பிற கோபோ எண்ட போன் அப்பில ஜிபிஎஸ் விழுறதால வேப்பமரத்துக்குக் கீழ இருந்து நிரப்பவும் ஏலாது 😄

கேள்வி எல்லாம் கொழும்பில இங்கிலீசில எழுதி ஆரோ தமிழாக்கினது. "கடந்த ஏழு நாட்களில் தாங்கள் உணவு உட்கொள்ளும் வேளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தீர்களா". இதை அப்பிடியே வாசிச்சா புதுக்குடியிருப்பில ஒரு அம்மா உங்களை எப்பிடிப் பாப்பா எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நாங்கள் "அம்மா, போன கிழமை ஒரு நேரமாவது சாப்பிடாமல் விட்டனீங்களோ" எண்டு மாத்திக் கேப்பம். அப்பிடிக் கேட்ட ஒரு வீட்டில, கேக்க முதலே பக்கத்து வீட்டில சீனி மாறி தேத்தண்ணி போட்டுத் தந்திட்டா, நான் கப்பைக் கையில வச்சுக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேக்கிறன். "உதைத்தானே தம்பி போன வருசம் வந்த பிள்ளையளும் கேட்டவை" எண்டு சொல்லிப்போட்டு மறுமொழியும் சொன்னா. ட்ரெயினிங்கில இதுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்ல.

நல்லதையும் சொல்லவேணும். எக்செல், எஸ்பிஎஸ்எஸ் எண்ட புள்ளிவிபர சொப்ட்வெயர் எல்லாம் அங்கதான் பழகினனான், கம்பஸில படிச்சது சோதினையோட போட்டுது. எனக்கு மேல இருந்த அக்கா ஒவ்வொரு பந்தியையும் சிவப்பால வெட்டி வெட்டி எழுதப் பழக்கினவ, அவ இல்லாட்டி ஆறு மாசத்தில விட்டிருப்பன்.

காசுதான் பிரச்சினை. ரிப்போட்டைக் கிளையன்ற் ஓம் எண்டாத்தான் கடைசிப் பங்கு வரும், அதுவரைக்கும் எங்கட சம்பளமும் இழுபடும். லெட்டரில உங்களைக் கொன்சல்டன்ற் எண்டுதான் போடுவினம், கேக்க வடிவாத்தான் இருக்கும், ஆனா ஊழியர் எண்டு போட்டா ஈபிஎப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) எங்கட 8 வீதத்தோட அவை 12 வீதம் போடவேணும், ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் வேற, அதெல்லாம் மிச்சம் அவைக்கு. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுக்க கியூஆர் கோட்டில மோட்டர்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் தந்த நேரம், மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவு போய்வரவே கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர், "பஸ்ஸில போகலாமே" எண்டு கொழும்பு ஒபிஸில இருந்து சூம்ல சொன்னவை. பஸ் ஒட்டுசுட்டானில விடும், உள்ளுக்க இருக்கிற கிராமத்துக்கு ஆர் கொண்டுபோய் விடுறது?

புரொப்போசலில போடுற பெரிய பெரிய ஆக்களின்ர சீவி ஒண்டும் வன்னிக்கு வராது. வந்தாலும் ஒரு நாள், இரணைமடுக் குளத்தில நிண்டு போட்டோ, பின்னேரம் திரும்பிப் போடுவினம். ரிப்போட்டின்ர முன் பக்கத்தில அவையின்ர பேர், எங்கட பேர் கடைசி அனெக்ஸில, ஒருக்கா அதையும் பிழையா அடிச்சிருந்தவை.

ஆனா நான் விட்டது காசுக்காக இல்லை. ஒரு கிராமத்து ஜீஎஸ் (கிராம சேவையாளர்) எங்களுக்காக வெயிலுக்க நிண்டு சனத்தைக் கூப்பிட்டுத் தந்தவர், "முடிஞ்சாப் பிறகு தமிழில ஒரு கொப்பி தாங்கோ தம்பி, சனம் கேக்குது" எண்டார். ஓம் எண்டனான். ஒபிஸில கேட்டா பட்ஜெட்டில மொழிபெயர்ப்பு இல்லையாம், கிளையன்ற்றின்ர சொத்தாம். கொழும்பில இருக்கிறவைக்கு அது முடிஞ்ச புரொஜெக்ட், எனக்கு அந்த மனுசனைக் கிழமைக்கு ஒருக்கா கிளிநொச்சிச் சந்தையில காணவேணும்.

போறவை போங்கோ, ஒரு வருசம் பழகிறதுக்கு நல்ல இடம், அஞ்சுக்கு ரண்டரை போடுவன். லெட்டர் சைன் பண்ண முதல் பெற்றோலும் ஈபிஎப்பும் எழுத்தில கேளுங்கோ. ஜீஎஸ் கொப்பி கேட்டா, ஓம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.