கலங்கிய டம்ளரைக் காட்டி உப்புத் தண்ணீர்க் கருவி விற்கிறார்கள், உஷார்

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் கடினமானது. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும், ஹீட்டர் காயில் அடிக்கடி போகும். இந்தத் தொல்லை இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள். "இலவசமா தண்ணி செக் பண்ணித் தர்றோம்" என்று கழுத்தில் அட்டை மாட்டிய இருவர் வந்தபோது வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார்.

இரண்டு டம்ளர். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிய ஒரு சின்னப் பெட்டியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தார்கள். நம் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பழுப்பும் பச்சையுமாகச் சேறு கட்டியது. அவர்களுடையது அப்படியே தெளிவாக இருந்தது. "இதைத்தாம்மா பிள்ளைங்களுக்குக் குடிக்கக் கொடுக்கிறீங்க. நாளைக்குக் கிட்னியில கல்லு வந்தா யார் பொறுப்பு?" அம்மா பயந்துபோனார். கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி என்று சொல்லி அன்றைக்கே முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது அந்த இரும்புதான் கரைந்து, துரு போன்ற ஹைட்ராக்சைடாகித் தண்ணீரைக் கலக்குகிறது. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், அதனால் கம்பி வேகமாக அரிக்கும். அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்தது உப்பெல்லாம் நீக்கிய தண்ணீர். அதில் மின்சாரம் பாய்வதே கஷ்டம், எனவே ஒன்றும் நடக்காது. அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். உங்கள் வாசலுக்கு வந்தால் இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள், பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சரி, கருவியாவது வேலை செய்ததா? மேல்தொட்டிக்குப் போகும் குழாயைச் சுற்றி ஒரு காந்தப் பட்டையைக் கட்டினார்கள், பக்கத்தில் விளக்கு மினுக்கும் ஒரு டப்பா. அவ்வளவுதான். படிவு முன்னைப்போலவே படிந்தது. போன் செய்தால், "பழைய உப்பெல்லாம் கரைஞ்சு வெளியே வருது சார், கொஞ்ச நாள் பொறுங்க" என்றார்கள். அடுத்து, நாங்கள் சோப்பை மாற்ற வேண்டுமாம். அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை.

கருவிக்கு முன்னால் பிடித்த தண்ணீர் ஒரு பாட்டில், கருவியைத் தாண்டி வந்தது ஒரு பாட்டில் என்று பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். கடினத்தன்மை இரண்டிலும் ஒன்றுதான். எப்படி மாறும்? கடினத்தன்மை என்பது கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். குழாய்க்கு வெளியே காந்தத்தைக் கட்டினால் அவை எங்கும் போய்விடாது. உண்மையான ஸாஃப்ட்னரில் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) ரெசின் என்ற பிசின் மணிகள் நிரப்பிய தொட்டி இருக்கும். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டு ரெசினைப் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கழிவு வெளியேற ஒரு குழாயும் வேண்டும். உப்புப் போட இடமில்லை, கழிவுக் குழாய் இல்லை என்றால் எந்தப் பெயரில் விற்றாலும் வாங்காதீர்கள்.

டி.டி.எஸ். மீட்டரை நீட்டி எண்ணைக் காட்டி மிரட்டுகிறவர்களும் உண்டு. அது தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவை மதிப்பிடும் கருவி. அதில் எவ்வளவு கால்சியம் என்று சொல்லாது, கிருமி இருந்தால் காட்டாது. ஸாஃப்ட்னர் ஒழுங்காக வேலை செய்தாலும் அந்த எண் பெரிதாகக் குறையாது, ஒரு உப்புக்குப் பதில் இன்னொன்றுதானே வருகிறது. கடினத்தன்மையைத் தெரிந்துகொள்ள, தண்ணீரில் ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் சிவப்பிலிருந்து நீலமாக மாறும்வரை சொட்டுகளை எண்ணும் கிட் இருக்கிறது. லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடினம் என்பார்கள்.

கிட்னிக் கல் மிரட்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. வரம்பு வைத்திருப்பது ஃபுளோரைடு (லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்), நைட்ரேட் (50), ஆர்செனிக் (0.01) போன்றவற்றுக்கு. குடிநீர் பற்றிக் கவலை இருந்தால் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது இவற்றையும் கிருமிகளையும்தான். வீட்டுக்கு வந்த அந்த இருவர் இதில் ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பில்லைப் பாருங்க" என்று ஒரே வரியில் மெசேஜ் வந்தது. பார்த்தோம். "நீர் மேம்பாட்டுக் கருவி – 1" என்று மட்டும் இருக்கிறது. கடினத்தன்மை குறையும் என்று வாயால் சொன்னது எதுவும் அதில் இல்லை. யாராவது வாங்கியே தீருவேன் என்றால், எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறையும், குறையாவிட்டால் பணம் திரும்ப வரும் என்பதைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.