பிளாங்கில் கிடப்பவனுக்குத் திரை தெரியாது

இரண்டு வருஷமாக ஒரே இன்டர்வெல் டைமர் ஆப்; உடற்பயிற்சியில் எப்போது செய்ய வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்று நேரம் எண்ணிச் சொல்வது. காலை 5.30-க்கு மொட்டை மாடி, ஒரு ஸ்கிப்பிங் கயிறு, ஒரு பாய், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்த போன். ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது.

நான் செய்வது பெரும்பாலும் டபாட்டா. ஜப்பான்காரர் இசுமி டபாட்டாவின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய முறை. 20 விநாடி உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டும், 10 விநாடி ஓய்வு. 8 சுற்று, 4 நிமிடம். அவர்கள் சோதித்தது நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில். நாம் தண்டாலுக்கும், முழங்கை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி விறைப்பாக வைத்துக் கிடக்கும் பிளாங்குக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அந்த 10 விநாடியில் மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும். போனைத் தேடி, வியர்வையைத் துடைத்து, பூட்டைத் திறந்து எதையாவது அமுக்குவதெல்லாம் நடக்காத காரியம். அதனால் எனக்கு இருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: ஆரம்பித்த பிறகு போனைத் தொடாமல், பார்க்காமல் முடிக்க முடிகிறதா?

ஆரம்பிப்பது அருமை. திறந்ததும் நேற்று செய்த பயிற்சியே தயாராக நிற்கும். ஒரு தட்டு, தயாராக 10 விநாடி, அவ்வளவுதான். நடுத்திரையில் எண் இவ்வளவு பெரிதாக வரும், கண்ணாடி இல்லாமலே பத்தடி தூரத்திலிருந்து தெரிகிறது.

நிறத்தில்தான் சறுக்கல். வேலைக்குச் சிவப்பு, ஓய்வுக்குப் பச்சை. ஆயுசு முழுக்கச் சிக்னலில் சிவப்பைப் பார்த்து நின்றவனைச் சிவப்பைப் பார்த்து ஓடு என்றால்? பழக ஒரு மாதம் ஆனது. ஒருநாள் மாடிக்கு வந்த மச்சானுக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை உண்டு. "ரெண்டும் ஒரே காக்கியாத்தானடா தெரியுது" என்றான். நிறத்தை மாற்றும் வசதி இன்றுவரை இல்லை.

ஆனால் பிளாங்கில் மூக்கு பாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது எந்த நிறம் இருந்து என்ன? காதுதான் கதி. முதல் வருஷம் முழுக்க, தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரே நீண்ட பீப். ஐந்தாவது சுற்றில் மூளை கலங்கியிருக்கும் நேரத்தில் இது எழுந்திரு என்கிறதா, படு என்கிறதா? பிறகு ஓர் அப்டேட்டில் தனித்தனி ஒலி வந்தது. அதைக் கொண்டுபோய் அமைப்புகளில் மூன்று கதவு தாண்டி ஒளித்து வைத்திருந்தார்கள். தற்செயலாகக் கண்டுபிடித்தேன்.

குரல் அறிவிப்பும் உண்டு, ஆங்கிலத்தில் மட்டும். பயிற்சியின் பெயரைத் தமிழில் எழுதினால் வாயே திறப்பதில்லை. ஆங்கில எழுத்தில் தண்டால் என்று அடித்தால் "தேண்டல்" என்கிறது. அதை அணைத்துவிட்டேன். பின்னணியில் ராஜா பாட்டு ஓடினால் பீப் வரும்போது பாட்டு தானாகத் தணிந்து மறுபடி ஏறும். இதை மட்டும் யாரோ உடற்பயிற்சி செய்கிறவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

எரிச்சலின் உச்சம் இரண்டு. நிறுத்தும் பட்டனும் முதலிலிருந்து தொடங்கும் பட்டனும் ஒட்டி ஒட்டி இருந்தன. திரையில் வியர்வை பட்டால் தொடுவது எங்கோ, பதிவது எங்கோ. ஒருநாள் மூன்றாவது செட்டின் நடுவில் மொத்தமும் பூஜ்யத்துக்குப் போனது, "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல். இப்போது அதை அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். திருந்தியிருக்கிறார்கள்.

இன்னொன்று, சார்ஜ் மிச்சமாகட்டும் என்று திரையை அணைத்துவிட்டு பிளாங்க் போட்ட நாள். பீப் வரவில்லை. 20 விநாடி இவ்வளவு நீளமா என்று கை நடுங்க நடுங்கக் கிடந்தேன். எழுந்து பார்த்தால் போனின் பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்க வைத்திருந்தது. அதிலிருந்து விலக்கு கொடுத்தால் சரியாகிவிடும். இதை முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா? உதவிப் பக்கத்தின் கடைசியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

விளம்பரம் நீக்கக் காசு கட்டினேன், வருத்தமில்லை. முடிந்ததும் "சாதனையைப் பகிருங்கள்" என்று மொத்த நேரத்தை மறைத்துக்கொண்டு வரும் பலகை மட்டும் இன்னும் போகவில்லை.

தொடக்கத்துக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்று என ஒலியைப் பிரித்து வைத்த பிறகு கீழே அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் கணக்குப் பிடிபட்டுவிட்டது. குக்கர் விசில் எண்ணிப் பழகிய காது. போன வாரம் இறங்கி வந்தபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "இன்னைக்கு ஏழுதானே ஆச்சு? அதுக்குள்ள வந்துட்டே?"