பெரிய புல்லியா, மெழுகு போட்ட செயினா: டிரையத்லான்காரர் எதில் காசு போடலாம்?

"அண்ணாச்சி, இதைப் போட்டா எத்தனை நிமிசம் மிச்சம்?" நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் பந்தயத்துக்குத் தயாராகிற பையன்கள் சைக்கிள் கடையில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். விலையைப் பிறகுதான் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

அரை அயர்ன்மேன் தூரத்தை எடுத்துக்கொள்வோம். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். சமதளத்தில் 200 வாட் மிதித்து 90 கிலோமீட்டரை 2 மணி 45 நிமிடத்தில் முடிக்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் நம்மோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலும் காற்றுதான். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதனால் ஒரு வாட் மிச்சமானால், அதாவது அரை சதவீதம், வேகம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். நேரக் கணக்கில் 90 கிலோமீட்டருக்குச் சுமார் 16 வினாடி. இந்த 16-ஐ மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின் டீரெயிலரில் இருக்கும் இரண்டு குட்டிப் பல்சக்கரங்கள் வழக்கமாக 11 முதல் 13 பல் கொண்டவை. அவற்றைக் கழற்றிவிட்டு 17, 19 பல் கொண்ட பெரிய சக்கரங்களை செராமிக் பேரிங்கோடு மாட்டுவதுதான் பெரிய புல்லி. சக்கரம் பெரிதானால் செயின் அவ்வளவு மடங்கத் தேவையில்லை, சக்கரமும் மெதுவாகச் சுற்றும், உராய்வு குறையும். தத்துவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிடைப்பது ஒரு வாட், இரண்டு வாட், மிஞ்சினால் மூன்று. இரண்டு என்றே வைத்தால் அரை நிமிடம். செராமிக்ஸ்பீட் மாதிரி பேர்பெற்ற கம்பெனியுடையது என்றால் அரை லட்சம் ரூபாயை எடுத்து வைக்க வேண்டும்.

இதற்கு எதிரே நிற்கும் பாரஃபின் மெழுகு கிலோ சில நூறு ரூபாய். எண்ணெய் போட்ட செயினைவிட, நன்றாக மெழுகேற்றிய செயின் மூன்றிலிருந்து ஐந்து வாட் வரை மிச்சம் பிடிக்கும். எண்ணெய்ச் செயினில் அழுக்கு அப்பியிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். நம் பக்கத்தில் அழுக்குக்கா பஞ்சம்? சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் தேரி மணலை ஒட்டிய சாலையில் ஒரு காலை ஓட்டிவிட்டு வந்து, எண்ணெய்ச் செயினை விரலால் தடவிப் பாருங்கள். செங்காவி நிறத்தில் பசை ஒட்டும். அந்தப் பசை உப்புத்தாள் மாதிரி செயினையும், பின்சக்கரப் பல்சக்கர அடுக்கான கேசட்டையும் அராவிக்கொண்டே இருக்கும். மெழுகு காய்ந்த பூச்சு என்பதால் மணல் அதில் அவ்வளவாக ஒட்டாது.

செய்முறையும் எளிது. புதுச் செயினில் கம்பெனி போட்ட கிரீஸை டர்பன்டைனில் ஊறவைத்துக் குலுக்கி, அப்புறம் ஸ்பிரிட்டில் அலசி, சொட்டு ஈரமில்லாமல் காயவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் மெழுகு பிடிக்காது. மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குங்கள். செயினை உள்ளே விட்டுக் குமிழி அடங்கும்வரை ஆட்டி, எடுத்துத் தொங்கவிட்டால் போதும். ஆறியதும் கம்பி மாதிரி விறைத்து நிற்கும், கண்ணி கண்ணியாக மடக்கிவிட வேண்டும். ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை திரும்பவும் முக்க வேண்டும். மழை மட்டும் மெழுகுக்கு ஆகாது. சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் போய்வந்து துடைக்காமல் விட்டால் மறுநாளே துரு தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பயிற்சிக்கு எண்ணெயே போதும் என்பது என் கட்சி.

இந்த வாட் கணக்குகளை யார் அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். செயின் எண்ணெய்களைச் சோதித்துப் பேர் வாங்கிய ஃப்ரிக்‌ஷன் ஃபேக்ட்ஸ் என்ற ஆய்வகத்தை 2016-இல் செராமிக்ஸ்பீடே வாங்கிவிட்டது. அதற்காக எண்கள் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அவை சுத்தமான ஆய்வகத்தில் எடுத்த எண்கள், தேரிக்காட்டில் எடுத்தவை அல்ல.

மிதிகட்டை சுற்றும் கிராங்க் பகுதிக்கு செராமிக் பேரிங் போட்டால் மிச்சம் ஒரு வாட்டுக்கும் கீழே. விட்டுவிடுங்கள்.

கியர் செட்டில் ஷிமானோ கம்பெனியின் நடுத்தர ரகமான 105 டிஐ2-வா, உச்ச ரகமான டியூரா ஏஸா? இரண்டும் 12 கியர், இரண்டும் மின்சாரத்தில் மாறுகிறவை. எடை வித்தியாசம் அரை கிலோ சொச்சம். மாஞ்சோலைக்கு ஏறுகிறவருக்கு அது கொஞ்சம் பேசும். நாங்குநேரி வழியாகத் தெற்கே நால்வழிச் சாலையில் போகிறவருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் கம்பி இழுத்து மாற்றும் கியரா, மின் கியரா என்று கேட்டால் நான் கட்சி மாறிவிடுவேன். டிரையத்லான் சைக்கிளில் கம்பி கியரின் விசை, முழங்கையை ஊன்றிக் குனிந்து பிடிக்கிற ஏரோ பாரின் நுனியில் மட்டும் இருக்கும், பிரேக்கோ பக்கவாட்டுக் கைப்பிடியில். ஆடி மாதம் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஏரோ பாரில் படுத்திருக்க முடியாது. இரண்டு கையும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும், கியர் மாற்ற ஒரு கையை எடுக்கத் துணிச்சல் வராது. மின் கியரில் இரண்டு இடத்திலும் பொத்தான் வைத்துக்கொள்ளலாம். வாட் ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் செயின், கியர் எல்லாம் சேர்ந்த டிரைவ்டிரெயினில் பெருங்காசு போட ஒரு காரணம் இருக்கிறதென்றால் இதுதான்.

அதற்கும் முன்னால் டயரைக் கவனியுங்கள். சீமைக் கருவேல முள்ளுக்குப் பயந்து நாம் எல்லோரும் தடித்த டயரில்தான் ஓடுகிறோம். பயிற்சிக்கு அது சரி. பந்தயத்துக்கு மெல்லிய, நல்ல ரப்பர் டயர் ஒரு ஜோடி மாற்றினால் பத்து வாட்டுக்குக் குறையாது, அதாவது இரண்டரை நிமிடத்துக்கு மேல். விலை பெரிய புல்லியில் கால்வாசிகூட வராது.

அப்படியானால் பெரிய புல்லி யாருக்குத்தான்? டயர், மெழுகு, உட்காரும் முறை எல்லாம் சரியாக இருந்து, கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் பந்தயமான கோவா 70.3-இல் தன் வயதுப் பிரிவில் உலகப் போட்டி இடத்துக்காக அரை நிமிட இடைவெளியில் மோதுகிறவருக்கு. அவர் வாங்கட்டும். பந்தய வாரத்தில் மாட்டி, முடிந்ததும் கழற்றிவிடலாம். ஒரு விஷயம்: புல்லிகளைத் தாங்கும் கூண்டு பெரிதாவதால் சில சைக்கிள்களில் செயினும் ஓரிரு கண்ணி கூடுதலாக வேண்டியிருக்கும். அதனால் பந்தயச் செயினைத் தனியாக அளந்து மெழுகேற்றி, ஒரு நீண்ட பயிற்சியிலாவது எல்லாக் கியரிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.