26 பட்டனில் தமிழ் அடங்கவில்லை

நோக்கியா ஈ63, அப்புறம் பிளாக்பெர்ரி போல்டு 9900, கடைசியாக பிளாக்பெர்ரி கீஒன். தொடுதிரை போன்கள் ஊரெல்லாம் பரவிய பிறகும் பல வருடங்கள் நான் பட்டன் கீபோர்டை விடவில்லை. இப்போது கையில் இருப்பது முழுத் தொடுதிரை போன். மாறியதற்குக் காரணம் வேகமோ கேமராவோ இல்லை, தமிழ்.

முதலில் பட்டனின் அருமையைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் வந்த போல்டு 9900 போல டைப் செய்யச் சுகமான போனை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. ஒவ்வொரு பட்டனும் ஒரு பக்கம் லேசாக மேடு தட்டி, வலப்பக்கப் பட்டன்களும் இடப்பக்கப் பட்டன்களும் எதிரெதிராகச் சரிந்திருக்கும். கட்டைவிரலுக்குத் தான் எந்தப் பட்டன் மேல் இருக்கிறோம் என்று தெரியும், கண் போக வேண்டியதில்லை. ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் முற்றுப்புள்ளி விழுந்து அடுத்த எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகும். மெயில் முகவரி அடிக்கும் இடத்தில் அதே ஸ்பேஸ் '@' குறியைப் போடும், அடுத்த முறை புள்ளி வைக்கும். பேருந்தில் நின்றுகொண்டே அலுவலக மெயிலுக்கு நீளமாகப் பதில் எழுதிவிட்டு, அனுப்பும் முன் ஒரே ஒரு முறை திரையைப் பார்ப்பேன். பெரும்பாலும் பிழை இருக்காது.

2017இல் வந்த கீஒன் இன்னும் ஒரு படி மேலே போனது. கீபோர்டின் மேற்பரப்பே தடவலை உணரும். பட்டன்கள் மேல் விரலை ஓட்டினால் பக்கம் நகரும், கட்டுரையை விரல் மறைக்காமல் படிக்கலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் குறுக்குவழி வைக்கலாம். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் வீட்டு எண்ணுக்கு அழைப்பு போகும். ஸ்பேஸ் பட்டனிலேயே கைரேகை உணரி.

எல்லாம் ஆங்கிலம் வரைக்கும்தான். வீட்டுக்கும் நண்பர்களுக்கும் நான் எழுதுவது தமிழில். கணினியில் பழகியது தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பு. அதில் 12 உயிர், 18 மெய், புள்ளி என்று மொத்தம் 31 விசைகள் வேண்டும். போன் கீபோர்டில் எழுத்துப் பட்டன்கள் 26தான். 12 உயிரும் புள்ளியும் 13 மெய்யும் அந்த 26இல் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மீதி ஐந்தும் கணினியில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய விசைகளில் இருப்பவை: ச, ஞ, ந, ய, ழ. கீஒன் போன்ற போனில் அவற்றுக்குத் தனிப் பட்டனே கிடையாது. 'நான்' என்று எழுத ந இல்லை, 'தமிழ்' என்று எழுத ழ இல்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையையும் முயன்றேன். ல, ள, ழவிலும் ந, ன, ணவிலும் அது தருவதை ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்க்க வேண்டும். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே முடியாது என்றால் பட்டன் எதற்கு? கடைசியில் கீஒன்னின் 4.5 அங்குலத் திரையிலேயே தமிழ்க் கீபோர்டை வரவழைத்து எழுதினேன். கீழே நிஜ கீபோர்டு சும்மா கிடக்கும், மேலே பாதித் திரையை இன்னொன்று அடைத்துக்கொள்ளும்.

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் வைத்த வாதமே இதுதான்: பிளாஸ்டிக் பட்டன்கள் வேண்டும்போதும் வேண்டாதபோதும் அங்கேயே இருக்கும், தேவைக்கேற்ப மாறாது. அவர் பேசியது வெவ்வேறு செயலிகளைப் பற்றி. தமிழில் எழுதுகிறவனுக்கு அது மொழிக்கும் பொருந்துகிறது.

தொடுதிரையில், முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனின் செல்லினம் கீபோர்டு செயலி வழியாகத் தமிழ்99இல் எழுதுகிறேன். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டில் 'அம்மா'. ப, ந, த, உ என்றால் 'பந்து'. ந மேல் புள்ளி தானே விழுகிறது. எழுத்துகள் தமிழிலேயே கண்முன் இருப்பதால் மனதுக்குள் ஆங்கிலத்துக்குப் போய் வரும் வேலை இல்லை.

குறைகள் தீர்ந்துவிடவில்லை. விரல் வியர்த்தால் கண்ணாடி சொன்ன பேச்சு கேட்பதில்லை. நடுச்சொல்லில் ஓர் எழுத்தைத் திருத்தக் கர்சரை வைப்பது இன்றும் எரிச்சல்தான். பரிந்துரைச் சொற்களை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் சொல்லையே அடித்துவிடலாம். 37,000 பேரைக் கொண்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வும், தானியங்கித் திருத்தம் வேகத்தைக் கூட்டுகிறது, சொல் பரிந்துரை குறைக்கிறது என்றே கண்டது.

பட்டன் மேல் ஆசை உள்ளவர்களுக்கு யூனிஹெர்ட்ஸ் டைட்டன் போன்ற போன்களும், 2024இல் ஐபோனுக்கு வந்த கிளிக்ஸ் கீபோர்டு உறையும் இருக்கின்றன. நாள் முழுக்க ஆங்கில மெயில் எழுதுகிறவர் தயங்காமல் வாங்கலாம். பாதி எழுத்தாவது தமிழில் என்றால், கடையில் வைத்தே 'ஞாயிறு' என்று ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.