தோட்ட விளக்குகள்: 230 வோல்ட்டா, 24 வோல்ட்டா, சூரிய ஒளியா?

தனி வீடு கட்டுவோரில் பலருக்கும் தோட்ட விளக்கின் நினைவு, நடைபாதைக்குக் கல் பதித்து, சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசி முடித்த பிறகே வருகிறது. அப்போது அவர்கள் முன் இருக்கும் வழிகள் மூன்று: வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டையே தோட்டத்துக்குக் கொண்டுபோவது, அதை 12 அல்லது 24 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பது, கம்பியே இல்லாமல் சூரிய ஒளி விளக்குகளை நட்டுவிடுவது. ஒப்பிட வசதியாக, சுவிட்ச் போர்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் பத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

மின் கட்டணத்தை முதலிலேயே கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். 50 வாட் விளக்குகள் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் கால் யூனிட் ஆகும். தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் அது ஏறக்குறைய 15 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 150 ரூபாயைத் தாண்டாது. ஆகவே ‘கரன்ட் பில் மிச்சம்’ என்று விற்கப்படும் சூரிய விளக்கு உண்மையில் மிச்சப்படுத்துவது கம்பி பதிக்கும் செலவைத்தான். மாமர நிழலில் நட்டால் அதற்குப் பாதி வெயிலும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வானம் நாள் கணக்கில் மூடிக் கிடக்கும்போது எட்டு மணிக்கே மங்கிவிடும். கோடை வெப்பம் உள்ளே இருக்கும் பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். கம்பி போக வழியில்லாத பின்பக்கக் கேட்டுக்கோ கிணற்றடிக்கோ, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் வகையில் ஒன்றை வைப்பது பொருத்தம். தோட்டம் முழுவதையும் அதை நம்பி விடுவதற்கில்லை.

230 வோல்ட்டின் பெரிய வசதி தூரம் ஒரு பொருட்டில்லை என்பதே. நம் எடுத்துக்காட்டில் ஓடும் மின்னோட்டம் கால் ஆம்பியருக்கும் குறைவு, சாதாரண 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். விளக்குகளும் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். சிக்கல் மண்ணுக்குள் இருக்கிறது. மண்வெட்டியும் பெருச்சாளியும் நடமாடும் இடத்தில் பி.வி.சி. குழாயில் வெறும் ஒயரை இழுத்து நாலு விரல்கடை ஆழத்தில் மூடிவிடுவது பரவலான வழக்கம். ஆனால் ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தர விதி, 230 வோல்ட்டும் அடங்கும் தாழ்வழுத்தக் கேபிளுக்கு முக்கால் மீட்டர் ஆழம் கேட்கிறது. இரும்புக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிள், மேலும் கீழும் மணல், அதன்மேல் செங்கல் அடுக்கு, முறையான எர்த் என்று எல்லாவற்றையும் சேர்த்தால், விளக்கைவிடப் பள்ளம் விலை அதிகமாகிவிடும்.

இந்த வழியைத் தேர்ந்தால் மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒப்புக்கொள்ளவே கூடாது. எம்.சி.பி. இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது அதிகச் சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் விழும். ஈரத்தரையில் நிற்கும் ஒருவரின் உடல் வழியே கசியும் சிறு மின்னோட்டம் அதற்குத் தெரியாது. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. இருந்தால், தோட்டத்தில் ஒரு விளக்குக்குள் தண்ணீர் போன மழை இரவில் வீடே இருண்டு, ஃபிரிட்ஜும் நின்றுவிடும். மறுநாள் வரும் எலக்ட்ரீஷியன் ‘சும்மா சும்மா ட்ரிப் ஆகிறது’ என்று அதைக் கழற்றி நேராக இணைத்துவிட்டுப் போவது நம் ஊரில் நடக்கிற அபத்தம். தோட்டத்துக்கென்று, ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. இரண்டின் வேலையையும் ஒன்றாகச் செய்யும் தனி ஆர்.சி.பி.ஓ. வைத்து, நியூட்ரலையும் வேறு சர்க்யூட்டோடு கலக்காமல் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

குறைந்த அழுத்தத்தில் ஆபத்து குறைகிறது, கணக்கு கூடுகிறது. 12 வோல்ட்டில் அதே 50 வாட்டுக்கு 4.2 ஆம்பியர் ஓட வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் போகவர 60 மீட்டருக்குத் தடை ஏறக்குறைய 0.73 ஓம், விளக்குகள் எல்லாம் கடைசியில் இருந்தால் 3 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 9 வோல்ட்தான் போய்ச் சேரும். முதல் விளக்கு பளிச்சென்றும் கடைசி விளக்கு சோகையாகவும் எரிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாகி, இழப்பு 1.5 வோல்ட்டாக, அதாவது ஆறு சதவீதமாகச் சுருங்குகிறது. செடிப்பாத்திகளுக்கும் நடைபாதைக்கும் என் தேர்வு 24 வோல்ட்தான். 12 வோல்ட்டைக் குட்டையான தூரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். நீச்சல் குளத்துக்குள் மட்டும் பேச்சே வேறு: அங்கே 12 வோல்ட் ஏ.சி. அல்லது 30 வோல்ட் டி.சி. என்பதே சர்வதேச விதியின் உச்ச வரம்பு. எந்த இடமானாலும் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் கருவியான டிரைவர், வீட்டு மின்சாரத்திலிருந்து முழுமையாகப் பிரித்துக் கொடுக்கும் ஐசொலேட்டட் வகையாக இருக்க வேண்டும். மலிவானவற்றில் அது இல்லாவிட்டால் 24 வோல்ட் என்ற பெயருக்குப் பொருளில்லை.

கேட் தூண், போர்டிகோ, சுவரின் உயரத்தில் பொருத்தும் விளக்கு ஆகியவற்றுக்கு 230 வோல்ட்டே இருக்கட்டும். அங்கே மண்ணும் இல்லை, மண்வெட்டியும் இல்லை.

கம்பி வழிகள் இரண்டிலும் பழுது தொடங்கும் இடம் இணைப்பு. விளக்குப் பெட்டியில் இருக்கும் ஐபி எண், தூசியையும் நீரையும் அது எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு. ஐபி 65 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் மூழ்கியும் தாங்கும். தரையில் பதிக்கும் விளக்குக்குப் பின்னதற்குக் குறைந்து வாங்கக் கூடாது. ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண் விளக்குக்கு மட்டுமே பொருந்தும், அதன் வாலை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்டுக்கு அல்ல. அந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சைக் களிம்பேறி, தொட்டால் உதிர்கிற நிலையில் இருக்கும், டி.சி.யில் பாசிட்டிவ் பக்கம் இன்னும் வேகமாக அரிக்கும். ஜெல் நிரப்பிய கனெக்டரோ ரெசின் வார்த்த ஜாயின்ட்டோதான் இதற்கு வழி. விலைப்புள்ளியில் ‘லைட்டிங் வேலை, மொத்தம்’ என்று ஒரே வரி இருந்தால், கேபிளின் கனம், ஜாயின்ட் வகை, ஆர்.சி.பி.ஓ., எர்த் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்; இரண்டு ஒப்பந்ததாரர்களின் தொகை ஏன் வேறுபடுகிறது என்பது அங்கேதான் தெரியவரும்.