நகராத சைக்கிளில் இரண்டு குளிர்காலம்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் உலைக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே ஏழடி நீளம் நான்கடி அகலத்தில் ஓர் இடம் இருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை நான் சைக்கிள் ஓடுவது அங்கேதான். கோடையில் ஏரிக்கரையோடு போகும் மார்ட்டின் குட்மன் பாதை இருக்கிறது. மூச்சு முட்ட ஏற வேண்டும் என்றால் பிளஃபர்ஸ் பூங்காவிலிருந்து மேலே வரும் பிரிம்லி வீதி இருக்கிறது. ஆனால் டிசம்பரில் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். வீதியில் தூவும் உப்பு செயினைத் தின்றுவிடும். மூன்று வருடங்களுக்கு முன் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து முழங்கை வீங்கி வந்து நின்றபோது, இனிக் குளிர்காலத்தில் வெளியே சைக்கிளைத் தொடக்கூடாது என்று மனைவி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே இது இரண்டு குளிர்காலம் வீட்டுக்குள் மிதித்தவனின் மதிப்புரை. சைக்கிளை நகராமல் பிடித்து நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் இரண்டு ட்ரெயினர்கள், ஒரு செயலி, ஒரு மின்விசிறி. இவற்றில் எது என்னைத் திரும்பத் திரும்ப அந்த இருக்கையில் ஏற வைத்தது என்பதைத்தான் எழுத வந்தேன். மிதிக்கும் வலுவைச் சொல்லும் வாட் கணக்கு பிறகு.

முதல் ட்ரெயினரை ஒருவரிடம் பழையதாக 120 டொலருக்கு வாங்கினேன். பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஓர் இரும்பு உருளை டயரில் அழுத்தி உரசியபடி நிற்கும் வகை. கணினியோடு பேசத் தெரியாத சாதனம். அதை மாட்டிய அன்று அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். சிறிது நேரம் கழித்து, "இது டைனமோ அல்லவா?" என்றார்.

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை. பற்றரிகளைக் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டயரில் உரசும் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் வானொலி கேட்டோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இரவில் பிபிசி தமிழோசை வரும் நேரம் சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் கம்மும். நின்றால் செய்தி பாதியில் அறுந்துவிடும். முற்றத்தில் கூடியிருக்கும் அயலவர் அத்தனை பேரும் என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அப்படிப்பட்ட சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட்டில் 3 வாட். இன்று நான் அநாயாசமாக 150 வாட் மிதிக்கிறேன்.

"அன்றைக்கு இதைச் சுற்றினால் பிபிசியாவது கேட்டது, தம்பி. இன்றைக்கு என்ன கேட்கிறது?" என்றார் அம்மா.

முதல் குளிர்காலம் முழுவதும் அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மடிக்கணினியில் பழைய திரைப்படங்களைப் போட்டுப் பார்த்தேன். உருளை எழுப்பும் இரைச்சலில் வசனம் கேட்காது. காதுக்குள் இயர்போனைச் செருகினால் வியர்வையில் வழுகி விழும். டயர் தேய்ந்து தரையெல்லாம் கறுப்புத் தூள். சுவரில் நாட்காட்டி மாட்டி, ஓடிய நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டேன். ஒரு வாரம் விட்டுப்போனதும் அந்த நாட்காட்டியைப் பார்க்கவே வெட்கமாகி, பேஸ்மென்டுக்குப் போவதையே தவிர்த்தேன். ஜனவரி முடிவதற்குள் ஹேண்டிலில் துவாய் காயப் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது ட்ரெயினரைக் கடையிலேயே வாங்கினேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே சாதனத்திலுள்ள பல்சக்கரத்தில் மாட்டும் வகை. வரி சேர்த்து 700 டொலருக்குச் சற்று மேல். பெட்டியைப் படியில் இறக்கும்போது மாட்டுக்கன்றைத் தூக்குவதுபோல் இருந்தது. நல்லதை முதலில் சொல்கிறேன்: சத்தம் மிகக் குறைவு, செயின் ஓடும் ஒலி மட்டும்தான். மேலே பிள்ளை தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு ஓடலாம். திரையில் மேடு வந்தால் மிதி தானாகவே கனக்கிறது, இறக்கத்தில் இலகுவாகிறது. இது விளையாட்டுக் காட்டும் வித்தை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கால் ஏமாறும்போது மனமும் கூடவே ஏமாறுகிறது. ஒரு மணி நேரம் போவது தெரிவதில்லை.

இனிக் குறை. மூன்றாவது வாரத்திலேயே உள்ளேயிருக்கும் பட்டி கிரீச்சிடத் தொடங்கியது. உத்தரவாதத்தில் மாற்றித் தந்தார்கள், ஆனால் ஐந்து வாரம் எடுத்தார்கள். ஐந்து வாரம் என்பது ஒரு குளிர்காலத்தில் கால்வாசி. ஒவ்வொரு முறை அழைத்தபோதும் வேறொருவர் எடுத்து, கதையை முதலிலிருந்து கேட்டார். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வழக்குப் பேசும் எண்ணம் எனக்கில்லை. இந்த வகைச் சாதனத்தை நவம்பரில் வாங்காதீர்கள், செப்டம்பரில் வாங்கிச் சோதித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். இன்னொன்று: பத்து நிமிடம் ஓடிச் சூடேறும் வரை என் சாதனம் காட்டும் வாட்டை நம்ப முடியாது, அதிகமாகவே காட்டும். தொடக்கத்தில் நான் ஏதோ பெரிய வீரன் என்று நினைத்துக்கொண்டது அதனால்தான். புளூடூத் தொல்லையும் உண்டு. கைபேசியிலுள்ள செயலி ட்ரெயினரைப் பிடித்துக்கொண்டால் கணினிக்கு அது கண்ணில் படாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. கண்டுபிடித்துச் சொன்னது மகள்.

மின்விசிறியைப் பற்றி யாரும் சரியாக எழுதுவதில்லை. மிதியில் ஒரு பங்கு வேலை செய்தால் உடல் ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. 150 வாட் மிதித்தால் 450 வாட் அளவில் வெப்பம். ஒரு சின்ன ஹீட்டரை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம். வெளியே ஓடும்போது எதிர்க்காற்று அதைக் கொண்டுபோய்விடும், பேஸ்மென்டில் காற்று அசையாது. முதல் குளிர்காலத்தில் நாற்பது நிமிடத்தில் தலை சுற்றி இறங்கியபோதெல்லாம் எனக்கு மனவுறுதி போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். மனவுறுதிக்கு ஒரு குறையும் இல்லை, காற்றுத்தான் இல்லை. வன்பொருள் கடையில் 45 டொலருக்கு வாங்கிய, தரையில் வைக்கும் தடித்த விசிறி 700 டொலர் சாதனத்தைவிட எனக்கு அதிகம் செய்திருக்கிறது. ஹேண்டிலின் மேல் ஒரு துவாயும் போட்டுவிடுங்கள். சொட்டும் வியர்வையில் உள்ள உப்பு ஆணிகளை அரித்துவிடும். வீதி உப்புக்குப் பயந்து வீட்டுக்குள் வந்தவன் சொந்த உப்பால் சைக்கிளைக் கெடுத்தானாம்!

செயலிக்கு வருகிறேன். நான் பயன்படுத்துவது ஸ்விஃப்ட். 2014இல் சோதனைப் பதிப்பாக வந்தது; நீங்கள் மிதிக்கும் வலுவுக்கு ஏற்றபடி திரையில் ஓர் உருவம் சைக்கிள் ஓடும், உலகெங்கும் அதே நேரத்தில் மிதிப்பவர்களும் அதே வீதியில் ஓடுவார்கள். பெரும்பாலான வீதிகள் வாட்டோபியா என்ற கற்பனைத் தீவில் இருக்கின்றன. எரிமலை, பாலைவனம், கடலுக்கடியில் கண்ணாடிச் சுரங்கம் எல்லாம் உண்டு. வெளியே பனி கொட்டும்போது தென்னை மரங்களுக்கு நடுவே ஓடுவது முதல் நாள் சிரிப்பைத் தந்தது. பத்தாவது நாள் அது என்னை அறியாமலேயே தேவையாகிவிட்டது.

பிரான்சின் அல்ப் துவேஸ் மலைவீதியை அளந்து அப்படியே உருவாக்கிய ஏற்றம் ஒன்று அதில் இருக்கிறது. 12.2 கிலோமீற்றர், 21 கொண்டையூசி வளைவுகள், ஆயிரம் மீற்றருக்குச் சற்று அதிகமான உயரம். டிசம்பரில் முதல் முறை ஏறியபோது 1 மணி 32 நிமிடம். மார்ச் மாதம் 1 மணி 21 நிமிடம். ஒவ்வொரு வளைவிலும் எண் குறைந்துகொண்டே வருவதால், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மலை ஏறுகிறோம் என்பதைவிட, எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதே உண்மை.

பயிற்சித் திட்டங்களும் உண்டு. சாதனத்தை ஒரு குறிப்பிட்ட வாட்டில் பூட்டிவிடலாம்: 160 என்று வைத்தால் வேகமாக மிதித்தாலும் மெதுவாக மிதித்தாலும் 160தான். இதில் ஒரு பொறி இருக்கிறது. களைத்துப்போய்க் கால் மெதுவானால், அதே வாட்டைத் தருவதற்காகச் சாதனம் மிதியை இன்னும் கனமாக்கும். கால் இன்னும் மெதுவாகும். கடைசியில் சேற்றில் புதைந்த வண்டிபோல் நின்றுவிடுவீர்கள். இருபது நிமிடம் உச்ச அளவில் மிதித்து, அதன் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்து உங்கள் எல்லையை, அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டை, கணக்கிடுவார்கள். என் எல்லை நவம்பரில் 171 வாட், மார்ச்சில் 196. நாற்பத்தேழு வயதுக்கு மோசமில்லை. ஆனால் அந்தச் சோதனையை மாதாமாதம் செய்யச் சொல்பவர்களை நம்பாதீர்கள். நாளை சோதனை என்று தெரிந்தாலே எனக்கு இரவில் தொண்டை கரகரக்கத் தொடங்கிவிடும்.

செயலியில் பட்டம், புள்ளி, புதுச் சைக்கிள், புதுத் தொப்பி என்று ஏராளமான பரிசுகள். மகளுக்கு அவை பிடித்திருந்தன. எனக்கு மூன்று வாரத்தில் சலித்துவிட்டது. ஊக்கம் தரும் கதைகளும் அப்படித்தான். ஆஸ்திரேலிய வீரர் மத்தியூ ஹேமன் 2016 பெப்ரவரியில் பந்தயமொன்றில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வெளியே ஓட முடியாமல் வீட்டுக்குள் இதே செயலியில் மிதித்துப் பயிற்சி செய்து, ஏப்ரல் 10ஆம் திகதி பாரிஸ்–ரூபே பந்தயத்தில் டொம் பூனனை முந்தி வென்றார். உண்மைக் கதை, அருமையான கதை. அதைப் படித்த அன்று நான் இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

என்னை ஏற வைத்தது ஒஸ்லோவில் இருக்கும் சித்தி மகன். அவனும் சைக்கிள் பைத்தியம், அவனுடைய குளிர் என்னுடையதைவிட நீளம். ஸ்விஃப்டில் நண்பர்கள் கூடி ஓடுவதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. எல்லோரையும் ஒன்றாக வைத்திருக்கச் சொல்லித் தெரிவு செய்தால், பலசாலியும் பலவீனனும் பிரியாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். அவனுக்கு என்னைவிடப் பதினைந்து கிலோ எடை குறைவு, உண்மையான வீதியில் என்னை இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவான். இங்கே போக முடியாது. சனிக்கிழமை எனக்குக் காலை ஏழு மணி, அவனுக்கு மதியம் ஒரு மணி. செயலிக்கு வெளியே வாட்ஸ்அப்பில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுவிடுவோம். ஒரு மணி நேரம் ஊர்க்கதை, பிள்ளைகளின் படிப்பு, யாருக்கு எங்கே வீடு, மூச்சு வாங்கும்போது மௌனம். அவன் காத்திருப்பான் என்ற ஒரே காரணத்துக்காக மைனஸ் 18 காட்டிய காலையிலும் படுக்கையை விட்டு எழுந்தேன். மற்ற நாட்களில் தனியாகத்தான். அதற்கு நான் கற்ற ஒரே தந்திரம், சைக்கிளை ஒருபோதும் கழற்றி மூலையில் சாய்க்காமல் இருப்பது. சப்பாத்து மிதியிலேயே மாட்டியிருக்கும், தண்ணீர்ப் போத்தல் இரவே நிரப்பியிருக்கும். பத்து நிமிடம் மட்டும் என்று சொல்லி ஏறுவேன். பாதி நாட்களில் பத்தாவது நிமிடத்தில் உண்மையாகவே இறங்கியும் இருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

சந்தா பற்றி ஒரு வார்த்தை. 2024இல் மாதம் 14.99 அமெரிக்க டொலரிலிருந்து 19.99க்கு ஏற்றினார்கள். அதிகம்தான். மைவூஷ் என்றொரு செயலி இலவசம்; இரண்டு வாரம் ஓடிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. காசு முக்கியம் என்றால் அங்கேயே தொடங்குங்கள். என் தம்பி ஸ்விஃப்டில் இருப்பதால் நானும் அதில் இருக்கிறேன், அவ்வளவுதான். தனியாகவே மிதிக்கப் போகிறவர், வாட்டும் நிமிடமும் மட்டும் போதும் என்பவர், இந்தக் கற்பனைத் தீவுக்கு மாதாமாதம் கப்பம் கட்ட வேண்டியதில்லை. புது ட்ரெயினரும் உடனே தேவையில்லை. பழைய உருளை வகையும் நல்ல விசிறியும் இருந்தால் ஒரு குளிர்காலம் ஓடிப் பாருங்கள். ஜனவரி இறுதியில் ஹேண்டிலில் துவாய் காயாமல் இருந்தால் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

ஏப்ரல் வந்துவிட்டது, பிரிம்லி வீதி காய்ந்துவிட்டது. நேற்றுச் சந்தாவை நவம்பர் வரை நிறுத்தினேன். சனிக்கிழமைகளில் அந்தக் கதிரையில் தேத்தண்ணீரோடு வந்து உட்கார்ந்து தன் தங்கை மகனின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"தொலைபேசியில் பேசலாமே, அம்மா" என்றேன்.

"தொலைபேசி என்றால் அவன் மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவான்" என்றார்.