சூடான் குத்துவாள்னு சொல்லி 640 பவுண்டைச் சுருட்டிட்டாங்க, ஏமாந்துடாதீங்க

இதை எழுதும்போதுகூட கை நடுங்குது. 640 பவுண்டு. மாசக்கணக்கா நைட் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு. சூடான் பக்கத்துப் பழைய குறுவாள், குத்துவாள் தேடுறவங்க தயவுசெய்து முழுசாப் படிங்க.

நான் லண்டன்ல இருக்கேன். பழம்பொருள் விற்கிற ஒரு இணையதளத்துல "சூடான் குத்துவாள், மஹ்தி படை, ஓம்துர்மான் போர், 1898"னு ஒண்ணு வந்தது. மஹ்திங்கிற மதத்தலைவரைப் பின்பற்றின சூடான் படையைத் தளபதி கிச்சனரோட பிரிட்டிஷ் படை தோற்கடிச்ச போர் அது. பார்த்ததும் வாங்கிடலை. மூணு நாள் கேள்வி மேல கேள்வி கேட்டேன். விற்றவர் அவரே போன் பண்ணி, அவ்வளவு பொறுமையாப் பேசினார். கொள்ளுத்தாத்தா கிச்சனர் படையில இருந்தாராம், அவரோட பெட்டியில கிடந்ததாம். அப்புறம் ஒரு படம் அனுப்பினார். உறையில நூலால கட்டின பழுப்பேறின சீட்டு, மங்கின மசியில "சூடான்". அந்தச் சீட்டுலதான் விழுந்தேன். அரைமணி நேரத்துல 640 பவுண்டு போயிடுச்சு.

பார்சல் வந்ததும் என்கூட வேலை பார்க்கிற கிழக்கு சூடான் கஸ்ஸாலா ஊர்க்காரர்கிட்ட ஆசையா எடுத்துக் காட்டினேன். கையில வாங்கினதுமே அவர் முகம் மாறிடுச்சு. "எங்க பக்கம் இதை இடது கையில, முழங்கைக்கு மேல மாட்டுவாங்க. உறையில பின்னின தோல் வளையம் இருக்கும், கைப்பிடி கருப்பு மரத்துல இருக்கும்"னு சொல்லிக்கிட்டே என் கையில மாட்டிப் பார்த்தார். அகலமான தோல்பட்டை, முழங்கைக்குக் கீழேயே இறுகி நின்னுடுச்சு. கைப்பிடி உள்ளங்கைப் பக்கம் பார்த்தது. சிலுவை மாதிரிக் கைப்பிடி, பித்தளைப் பட்டை. இது துவாரெக் மக்களோட தெலெக்ங்கிற குறுவாள். நைஜர், மாலிப் பக்கம், சகாராவுல முன்கையில கட்டுறது. இன்னிக்கு மாலின்னு சொல்ற நாட்டுக்குத்தான் பிரெஞ்சு ஆட்சியில "பிரெஞ்சு சூடான்"னு பேர். சீட்டு சொன்ன சூடான் அதுவாக்கூட இருக்கலாம்! ஓம்துர்மானுக்கும் அதுக்கும் நடுவுல பாதி ஆப்பிரிக்கா இருக்கு.

பழைய தெலெக்கா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும், அது அழகான பொருள்தான். பட்டையைத் திருப்பினா உள்பக்கத் தையல் பளபளன்னு நைலான் நூல். 1930களோட கடைசியிலதான் நைலானே கடைக்கு வந்தது. இவர் 1898ங்கிறார்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. முதல்ல "நிபுணர்களுக்குள்ள கருத்து வேறுபடும்"னார். அப்புறம் "இருக்கிறபடி விற்றது, திருப்பி எடுக்க மாட்டோம்". அதுக்கப்புறம் போனே எடுக்கலை. தளத்துல புகார் கொடுத்தேன். ஒன்பது நாள் கழிச்சு "பொருள் விவரத்தோடு பொருந்துகிறது"ன்னு ஒரே வரியில மூடிட்டாங்க. போய்ப் பார்த்தா தலைப்பையே "ஆப்பிரிக்கக் குத்துவாள்"னு மாத்தி வெச்சிருக்கார். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலை. 640 பவுண்டும் போச்சு.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியலை. அவசரத்துக்கு இதை மட்டும் வெச்சுக்குங்க. உறையோட பின்பக்கம், பட்டை, தையல் எல்லாம் கிட்டத்துல படம் கேளுங்க. சீட்டை நம்பாதீங்க, அதை யார் வேணும்னாலும் கட்டலாம். சூடான்லயே ஒரே மாதிரி கிடையாது. கிழக்கு சூடான்ல இருக்கிற பெஜா மக்களோடது வளைஞ்ச அலகு, எக்ஸ் எழுத்து மாதிரிக் கைப்பிடி. உடைஞ்ச கஸ்காராவை (சூடான்காரங்களோட நீள வாள்) வெட்டிக் குறுவாளா ஆக்கினதும் வரும். அலகு முழுக்க அரபி எழுத்து இருந்தா அதுவே சான்றுன்னு நினைக்காதீங்க. தலைப்பை அன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்க.

நேத்து ராத்திரி அதே ஆள் இன்னொரு குத்துவாள் போட்டிருக்கார். மறுபடியும் 1898. படத்துல அதே சீட்டு, அதே மசிக்கறை. வாங்கிடாதீங்க.